கல்லுக்குள் ஒரு சொல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் இன்றும் கையில் நினைவிருக்கும். கறுத்து மினுங்கும் அந்த மணலில் பல கனியங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் மிகுதியாக இருப்பது இல்மனைற். உருசிய நாட்டின் யூரல் மலைப் பகுதியில் உள்ள இல்மன் மலைகளின் பெயரால் 1827இல் அதற்கு இப்பெயர் இடப்பட்டது. அதனோடு கலந்திருக்கும் ரூட்டைல் என்பது, செம்மை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிர்க்கன் என்பது பாரசீக வேர் கொண்டது. மொனசைற் என்பது, தனித்திருத்தல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது.

தமிழ் பேசும் மக்கள் வாழும் ஒரு கரையில், ஒரு பிடி மணலுக்குள், யூரல் மலையும் உரோமாபுரியும் பாரசீகமும் கிரேக்கமும் கூடியிருக்கின்றன. எங்கள் மொழி மட்டும் அங்கே இல்லை. அப்படியானால் உலகத்துக் கற்களுக்குப் பெயர் வைத்தபோது எங்கள் முன்னோர் வாய்மூடி இருந்தார்களா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரை. இதற்குள் எனக்கு ஒரு சொந்தக் கடனும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், கனியங்களின் வன்மையை அளக்கும் மோஸ் அளவுத் திட்டத்தைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. ஜேர்மன் நாட்டவரான பிரீட்ரிச் மோஸ் என்பவர் 1812இல் வகுத்த திட்டம் அது. மிக மென்மையான கனியத்துக்கு 1. மிக வன்மையான வைரத்துக்கு 10. வைரத்துக்கு அடுத்தபடியாக 9ஆம் இடத்தில் நிற்பது கொரண்டம். ஆங்கில நூலொன்றில் இருந்து குறிப்பெடுத்திருந்தமையால், அந்தப் பெயரை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், கொரண்டம் எண்டால் என்ன கருத்து?" என்று கேட்டாள்.

"அது இங்கிலிஷ் பெயர், பிள்ளை. பெயருக்குக் கருத்து இராது. பாடமாக்கு" என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன்.

அந்த விடை பிழை என்று அறிய எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. வேறொரு சொல்லைத் தேடிப் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தற்செயலாகக் கொரண்டம் என்னும் சொல் கண்ணிற் பட்டது. அதன் பக்கத்தில் சொற்பிறப்பைக் குறிக்கும் இடத்தில் தமிழ் என்று போட்டிருந்தது. மூலச் சொல்லும் கொடுக்கப்பட்டிருந்தது: குருந்தம்.

அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வந்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். என் சிறு வயதில் எங்கள் ஊருக்கு வரும் சாணை பிடிக்கிற கிழவர். கத்தரிக்கோலும் பாக்குவெட்டியும் தீட்டுவதற்கு அவரிடம் கொடுத்துவிட்டு, தீப்பொறி பறப்பதைப் பார்க்கச் சிறுவர்கள் நாங்கள் சூழ்ந்து நிற்போம். சக்கரம் எதனாற் செய்தது என்று ஒருநாள் கேட்டேன். "குருந்தக்கல்லுப் பொடி, தம்பி. அரக்கிலை குழைச்சுச் செய்தது" என்றார். அந்தச் சொல் என் காதுக்குள் இருந்தது. ஆனால் வகுப்பறைக்குள் நுழையும்போது அதை வாசலிலே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

இனி, கற்கள் எவ்வாறு பெயர் பெறுகின்றன என்பதைப் பார்ப்போம்.

மிகப் பழைய பெயர்கள் கண்ணுக்குத் தெரிந்த தோற்றத்தால் வந்தவை. உரைத்தால் இரத்தம்போற் சிவக்கும் இரும்புக் கல்லைக் கிரேக்கர் இரத்தத்தின் பெயரால் அழைத்தனர். அதுவே இன்றைய ஹெமரைற். மாதுளம் விதைபோற் சிவந்த கல்லுக்கு இலத்தீன் மொழியில் மாதுளையின் பெயரே வந்து, கார்னெற் ஆயிற்று. சில பெயர்கள் நம்பிக்கையால் வந்தவை. ஊதா நிறமுள்ள அமெதிஸ்ற் என்னும் கல்லை அணிந்தால் மது மயக்காது என்று கிரேக்கர் நம்பினர். மயங்காதது என்பதே அப்பெயரின் பொருள். அதே கல்லைத் தமிழர் செவ்வந்திப் பூவின் நிறத்தோடு ஒப்பிட்டுச் செவ்வந்திக்கல் என்றனர். ஒரே கல்லிலே கிரேக்கன் மதுவையும் தமிழன் பூவையும் கண்டிருக்கிறான்.

வேறு சில பெயர்கள் சுரங்கத் தொழிலாளரின் ஏமாற்றத்தாற் பிறந்தவை. ஜேர்மன் சுரங்கத் தொழிலாளர் வெள்ளி கிடைக்குமென்று உருக்கிய தாதிலிருந்து வெள்ளிக்குப் பதிலாக நச்சுப் புகையே வந்தது. மலைக்குள் வாழும் கோபொல்ட் என்னும் குறும்புப் பூதமே வெள்ளியைத் திருடிவிட்டது என்று அவர்கள் திட்டினார்கள். அந்தத் திட்டுத்தான் கோபாற்று என்னும் மூலகத்தின் பெயராக நிலைத்துவிட்டது. செம்பு கிடைக்கும் என்று நம்பி ஏமாந்த இன்னொரு தாதுக்குப் 'பூதச் செம்பு' என்ற கருத்தில் குப்பர்நிக்கல் என்று பெயரிட்டார்கள். சுவீடன் நாட்டு அறிஞர் குரொன்ஸ்ரெட் 1751இல் அவ்வகைத் தாதொன்றிலிருந்து புதிய உலோகத்தைப் பிரித்தார். பின்னர் குப்பர்நிக்கல் என்பதிலிருந்தே அந்த உலோகத்துக்கு நிக்கல் என்னும் பெயரை எடுத்துக்கொண்டார்.

18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின், பெயரிடுதல் அறிவியலாளரின் கைக்குப் போயிற்று. கண்டெடுத்த இடத்தின் பெயர், ஆராய்ந்தவரின் பெயர், போற்றத்தக்கவரின் பெயர் என்பவற்றோடு 'ஐற்' என்னும் கிரேக்க ஈற்றைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. மனிதர் ஒருவரின் பெயரைப் பெற்ற முதற் கனியம் 1788இல் பெயரிடப்பட்ட பிரெனைற் என்பர். இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கனியங்களின் தொகை 6000ஐத் தாண்டிவிட்டது. பெயர்களை ஏற்பதற்கென்று சர்வதேசக் கனியவியற் சங்கத்தின் குழு ஒன்று 1959 முதல் இயங்கிவருகிறது. கண்டுபிடித்தவர் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ள முடியாது என்பது அங்கே ஒரு நல்ல விதி.

இந்தப் பின்னணியில் குருந்தத்தின் கதைக்குத் திரும்புவோம்.

தென்னிந்தியாவில் குருந்தக்கல் நெடுங்காலமாக மெருகிடவும் தீட்டவும் பயன்பட்டது. கல்லைப் பொடியாக்கி, அரக்கோடு கலந்து, சாணைச் சக்கரம் செய்தனர். வடமொழியில் குருவிந்தம் என்னும் சொல் மாணிக்க வகையைக் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை இரத்தினக் கடைவீதி வருணிக்கப்படும் இடத்தில், மாணிக்க வகைகளுள் விந்தம் என்பதும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அது குருவிந்தமே என்று விளக்கம் கூறுவர். ஆகவே குருந்தமும் குருவிந்தமும் உறவுள்ள சொற்கள். எது தாய், எது சேய் என்று வழக்காடுவது எனது நோக்கமன்று. ஐரோப்பியரின் காதில் விழுந்தது தென்னாட்டுத் தொழிலாளரின் வாய்ச்சொல் என்பதே இங்கு முக்கியம்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஜோன் வூட்வேட் என்னும் ஆங்கில இயற்கை ஆய்வாளர், தமது கற்சேகரிப்பின் பட்டியலில் சென்னைக் கோட்டையிலிருந்து வந்த இந்தக் கல்லைக் குறித்திருக்கிறார். குருவிந்தம் என்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒலியிலேயே அதை எழுதியிருக்கிறார். 1798இல் சாள்ஸ் கிறெவில் என்பவர் இலண்டன் றோயல் சங்கத்துக்காக ஆசியாவின் கொரண்டக் கல்லைப்பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அவ்வாறு அச்சொல் ஐரோப்பிய அறிவியலில் நிலைத்தது.

அதே காலத்திலேதான் ஓர் உண்மை தெளிவாகிக்கொண்டிருந்தது. மாணிக்கமும் நீலக்கல்லும் சாணைக்கல்லும் ஒரே கனியம்! மூன்றும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரே சேர்வை. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகும். இரும்பும் ரைட்டேனியமும் கலந்தால் நீலக்கல்லாகும். தெளிவும் நிறமும் இல்லாதது சாணைக்கு வரும். இந்த முழுக் குடும்பத்துக்கும் பொதுப்பெயர் ஒன்று வேண்டியிருந்தபோது, அரசர் முடியில் இருந்த மாணிக்கத்தின் பெயரை அறிவியல் எடுக்கவில்லை. கிரேக்க வழிவந்த சபையரின் பெயரையும் எடுக்கவில்லை. தெருவில் கத்தி தீட்டுபவனின் கல்லுக்கு இருந்த பெயரை எடுத்தது. மாணிக்கம் இன்று உலகெங்கும் குருந்தத்தின் ஒரு வகையாகவே எண்ணப்படுகிறது. இதைவிடப் பெரிய மதிப்பு ஒரு தொழிலாளியின் சொல்லுக்குக் கிடைத்ததாக நான் அறியேன்.

தொழிலாளர் நாவிலிருந்து புறப்பட்ட இன்னொரு சொல் எங்கள் இலங்கையிலிருந்து போயிற்று. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிருந்து பல நிறக் கற்கள் அம்ஸ்ரர்டாம் நகருக்குச் சென்றன. சிங்கள வியாபாரிகள் இனம்பிரிக்காத பல்வகைக் கற்களைத் தோரமல்லி என்று அழைத்தனர். அந்தச் சொல்லே ஐரோப்பாவில் தூர்மலின் ஆயிற்று. அதைச் சூடாக்கினால் சாம்பற் துகள்களைத் தன்பால் இழுக்கும் என்பதை ஒல்லாந்தர் கவனித்தனர். புகைக் குழாயின் சாம்பலை எடுப்பதற்குக்கூட அதைப் பயன்படுத்தினர். சாம்பல் இழுப்பான் என்ற பொருளில் தங்கள் மொழியிலும் ஒரு பெயர் வைத்தனர். சுவீடன் அறிஞர் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் வெளியிட்ட நூலிலே இந்தக் கல்லை மின்கல் என்று குறித்தார். 1756இல் ஏப்பினஸ் என்பவர், சூட்டினால் அதன் இரு முனைகளிலும் எதிரெதிரான மின்னேற்றம் உண்டாகிறது என்று காட்டினார். சாம்பலை இழுத்த அந்த வேடிக்கை, பௌதிகவியலில் ஒரு புதிய வாயிலைத் திறந்தது. ஒல்லாந்தர் வைத்த பெயர் இன்று வரலாற்று நூல்களில் மட்டுமே உண்டு. தோரமல்லி உலகம் முழுவதும் வாழ்கிறது.

சிர்க்கனின் கதையும் இலங்கையைத் தொட்டுப் போகிறது. சர்கூன் என்னும் பாரசீகச் சொல்லுக்குப் பொன்னிறம் என்பது பொருள். அது அறபு வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1789இல் மாட்டின் கிளப்ரொத் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர், இலங்கையிலிருந்து போன ஒரு சிர்க்கன் கல்லை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு மூலகத்தின் ஒட்சைட்டைக் கண்டார். அதுவே சிர்க்கோனியம். அணுவுலைகளின் எரிபொருட் குழாய்கள் இன்று சிர்க்கோனியக் கலப்புலோகத்தாலேயே செய்யப்படுகின்றன. எங்கள் மாத்தறையில் கிடைத்த நிறமற்ற சிர்க்கனை 'மாத்தறை வைரம்' என்று வியாபாரிகள் விற்றதும் உண்டு. ஊரின் பெயர் உண்மை. வைரம் என்பது மட்டும் பொய்.

நேயர்களே, சொற்கள் ஒரே திசையில் மட்டும் பயணம் செய்வதில்லை. வைடூரியத்தையும் மரகதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

வடமொழியின் வைடூரியமும் பாளியின் வேளுரியமும் மேற்கே சென்று கிரேக்கத்தில் பெரில்லொஸ் ஆயின. தென்னிந்திய ஊர்ப்பெயர் ஒன்றிலிருந்து அச்சொல் கிளைத்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர். பெரில் என்னும் கல் பெரும்பாலும் இந்தியாவிலேயே கிடைக்கிறது என்று உரோம நாட்டுப் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதினார். கோயம்புத்தூர் வட்டாரத்தில் காங்கேயத்துக்கு அண்மையிலுள்ள படியூரில் பெரில் கிடைத்தது. அந்த வட்டாரத்திலேயே உரோம நாணயங்களும் ஏராளமாக அகப்பட்டுள்ளன. கல் போன வழியில் காசு வந்திருக்கிறது. பின்னர் ஐரோப்பாவில் தெளிந்த கற்களிலிருந்து வில்லைகள் செய்தனர். ஆகையால், ஜேர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு இன்றும் பிரில்ல என்றே பெயர். 1798இல் பிரெஞ்சு அறிஞர் வொக்கெலின் பெரிலுக்குள் ஒரு புதிய மூலகம் இருப்பதைக் கண்டார். அதன் உப்புகள் இனித்தமையால் இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்று வெகுகாலம் வழங்கியது. 1949இல் பெரிலியம் என்னும் பெயரே சர்வதேச அளவில் ஏற்கப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழில் நாம் இன்று வைடூரியம் என்பது பெரிலை அன்று. பூனைக்கண்போல் ஒளிக்கோடு ஓடும் வேறொரு கல்லை. சொல் கடல் கடந்து போய்த் தன் பழைய பொருளைக் காப்பாற்றிக்கொண்டது. வீட்டிலிருந்த சொல்லோ வேறு கல்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

மரகதம் இதற்கு நேர்மாறு. ஒளிர்தல் என்னும் கருத்துடைய செமித்திய மொழி வேர் ஒன்று கிரேக்கத்தில் ஸ்மராக்டொஸ் ஆகி, கிழக்கே வந்து வடமொழியில் மரகதமாகி, தமிழுக்கும் வந்தது. அதே கிரேக்கச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் எமரால்ட் ஆயிற்று. எனவே மரகதமும் எமரால்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மரகதம் தூய தமிழ், எமரால்ட் அந்நியம் என்று பிரித்துப் பேசுவோமானால், உடன்பிறந்தார் இருவரில் ஒருவரை மட்டும் வீட்டுக்குள் விட்டவர்களாவோம். எல்லாச் சொல்லும் எங்களிடமிருந்தே போயிற்று என்று மார்தட்டுவதும், எல்லாம் பிறரிடமிருந்தே வந்தது என்று தலைகுனிவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பெயர்களில் பிழைகளும் உண்டு. பழைய பிழை ஒன்று எங்கள் நாவிலேயே இருக்கிறது. பொகல, கஹட்டகஹ ஆகிய இடங்களின் சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படும் காரீயம் உலகப் புகழ் பெற்றது. காரீயம் என்றால் கரிய ஈயம். தமிழ் அகராதிகளில் அச்சொல் ஈய உலோகத்தையே குறிக்கும். இலங்கையில் நாமோ பென்சிலில் இருக்கும் கிறபைற்றைக் காரீயம் என்கிறோம். அதில் ஈயம் ஒரு துளியும் இல்லை. அது முழுக்கக் காபன். இந்தத் தவறு எமக்கு மட்டும் உரியதன்று. ஈயத்தின் இலத்தீன் பெயரிலிருந்தே பிளம்பேகோ என்று ஐரோப்பியரும் இதனை அழைத்தனர். ஆங்கிலேயர் கறுப்பு ஈயம் என்றனர். 1779இல் சுவீடன் அறிஞர் ஷீல அது காபன் என்று காட்டினார். பத்து ஆண்டுகளின் பின், 1789இல், ஜேர்மன் அறிஞர் வேர்ணர், எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக்கொண்டு கிறபைற் என்று புதுப்பெயர் சூட்டினார். இரசாயனம் திருந்திவிட்டது. ஆனால் ஆங்கிலப் பிள்ளை இன்றும் ஈயப் பென்சில் என்கிறது. நாமும் காரீயச் சுரங்கம் என்கிறோம்.

இன்னொரு பெயரில் பிழையில்லை. ஆனால் ஒரு தாழ்வு மனப்பான்மை ஒட்டியிருக்கிறது. நவரத்தினங்களுள் ஒன்றாக நாம் மதிக்கும் கோமேதகம் இலங்கையின் பெயர்பெற்ற கற்களில் ஒன்று. கறுவாவின் நிறமுடைமையால் ஐரோப்பியர் அதைக் கறுவாக்கல் என்றும் அழைத்தனர். ஆனால் பிரெஞ்சுக் கனியவியல் அறிஞர் ஹாவுய் அதற்குக் கொடுத்த பெயர் எசொனைற். கிரேக்க மொழியில் தாழ்ந்தது என்று பொருள். வேறு கற்களோடு ஒப்பிடும்போது வன்மையும் அடர்த்தியும் குறைவு என்பது அவர் கண்ட காரணம். அளவுகோல் கொண்டு பார்த்தவருக்கு அது தாழ்ந்தது. விரலில் அணிந்தவருக்கு அது இரத்தினம்.

இனி, எங்கள் நாட்டில் பிறந்த பெயர்களுக்கு வருவோம். இங்கே நாம் நினைவுகொள்ள வேண்டியவர் ஆனந்த குமாரசுவாமி. கலைமேதையாக, நடராச வடிவத்தின் தத்துவத்தை மேலைநாட்டாருக்கு உணர்த்தியவராக அவரை நேயர்கள் அறிவீர்கள். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகிய அவர் கற்றது புவிச்சரிதவியல் என்பதும், இலங்கைக் கனியவள ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது. கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அண்மையிலுள்ள கங்கப்பிட்டியவில் கிடைத்த நீலநிறக் கனியமொன்றைப் பற்றி, பிரையர் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து 1903இல் அவர் எழுதினார். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் செரெண்டிபைற். செரண்டீப் என்பது அறபு மாலுமிகள் இலங்கையை அழைத்த பெயர். சேரன் தீவு என்று அதனைப் பிரித்துப் பொருள் காண்போர் நம்மிடையே உளர். ஆயினும் சிங்களத்துவீபம் என்பதன் திரிபு அது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு. அதே வேரிலிருந்து, 1952இல், சிங்களைற் என்று இன்னொரு கனியம் பெயர் பெற்றது. அதுவரை அது வேறொரு கனியத்தின் பழுப்பு வகை என்று தவறாக எண்ணப்பட்டு வந்தது.

1904இல் பலாங்கொடைப் பகுதியின் இரத்தினச் சரளையில் கிடைத்த கனத்த கரிய கனியம் ஒன்றைக் குமாரசுவாமி முதலில் யுரேனினைற் என்று அறிவித்தார். இலண்டனில் அதை ஆராய்ந்த டன்ஸ்ரன், தோரியம் மிகுந்த புதிய கனியம் என்று கண்டு, தோரியனைற் எனப் பெயரிட்டார். தோரியம் என்பதோ, 1829இல் பேர்சீலியஸ் என்னும் சுவீடன் அறிஞர் வட ஐரோப்பியரின் இடிக்கடவுள் தோர் நினைவாக வைத்த பெயர். சப்ரகமுவச் சேற்றில் கிடைத்த கல், குளிர்நாட்டுத் தெய்வத்தின் பெயரைச் சுமக்கிறது.

அந்தச் சேற்றில் இறங்கிக் கூடையில் சரளையை அரித்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. ஆனாலும் ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. 1953இல் எஹெலியகொடைச் சரளையில் பச்சைநிறக் கல் ஒன்றை ஏக்கநாயக்க என்னும் இலங்கை இரத்தினக்கல் ஆய்வாளர் கண்டெடுத்தார். தனக்குள்ளிருக்கும் தோரியத்தின் கதிர்வீச்சினாலேயே தன் பளிங்குக் கட்டமைப்பை இழந்துபோன விந்தையான கல் அது. புதிய கனியம் என உறுதிப்பட்டு, 1961இல் ஏக்கனைற் என்று பெயர் பெற்றது. இந்த மண்ணின் மனிதர் ஒருவரின் பெயர் உலகக் கனியங்களின் பட்டியலில் இடம்பெற்றது என்பதில் இந்நாட்டார் எல்லோருமே மகிழலாம்.

நேயர்களே, இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கனியத்தின் பெயர் ஒரு வெறும் அடையாளச் சீட்டு அன்று. அந்தக் கல்லை யார் முதலில் பயன்படுத்தினார்கள், யார் வாங்கினார்கள், யார் தவறாக விளங்கிக்கொண்டார்கள், யார் திருத்தினார்கள் என்பதையெல்லாம் அது தனக்குள் வைத்திருக்கிறது. குருந்தத்தைப் புழங்கியவன் ஏடெழுதியவன் அல்லன், சாணை பிடித்தவன். தோரமல்லியைச் சொன்னவன் கற்களைக் கூறுகட்டி விற்றவன். அவர்கள் தங்கள் சொல்லைத் தயங்காமல் சொன்னார்கள். அதனால் உலகம் அதைக் கேட்டது. பயன்படுத்துகிறவனிடமே சொல் வாழ்கிறது. புல்மோட்டை மணலில் எங்கள் சொல் இல்லாததற்குக் காரணம் எங்கள் மொழியின் வறுமை அன்று. அந்தக் கரிய மணலைப் பிரித்துப் பார்த்துப் பயன்கண்டவர்கள் நாங்களாக இருக்கவில்லை என்பதே.

ஆகையால், வகுப்பறையில் ஒரு பிள்ளை எழுந்து ஒரு பெயருக்குக் கருத்துக் கேட்டால், பாடமாக்கு என்று சொல்லி இருத்திவிடாதீர்கள். தெரியாவிட்டால், தேடிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். ஊரில் அந்தப் பொருளைக் கையாளும் பத்தரிடமும் தச்சரிடமும் சாணை பிடிப்பவரிடமும் அதற்கு என்ன பெயர் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். விடை சிலவேளை அகராதியில் இருக்கும். சிலவேளை தெருவிலே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறாளோ, அறியேன். அந்த வகுப்பிலிருந்தவர்களில் பலர் நாடு நாடாகச் சிதறிவிட்டார்கள். அவள் எங்கிருந்தாவது இதைக் கேட்கவோ வாசிக்கவோ நேர்ந்தால், அவளுக்கு நான் தரவேண்டிய விடை இதுதான்:

பிள்ளை, அது குருந்தம். உன்னுடைய சொல்தான். கருத்து உண்டு. அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.